சிங்கப்பூர் டீம் கோல்கீப்பர்

முதுநகரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"எங்க தங்கச்சி மாப்ள இனிமே இந்தியாவ எதுத்து ஆடுவாரு மச்சான்."

"என்னா சொல்றே?"

"சிங்கப்பூரு தனி நாடாயிடுச்சுல்ல? அந்த ஃபுட்பால் டீமுல கோல்கீப்பரா எடுத்துட்டாங்களாம். லெட்டர் வந்துச்சு."

"அல்ஹம்துலில்லாஹ்! உன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

"நாந்தான் படிச்சுக் காட்டுனேன். தெரு முழுக்கச் சீனி குடுத்துட்டா."

"அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"டீமுல ஆடுறதுக்காக அந்த ஊரு சிட்டிசன் ஆயிட்டாராம். இனிமே அங்கேயே தங்கிடப் போறாராம். அத மட்டும் நான் படிக்கல."

"யா அல்லாஹ்! அவ லெட்டரக் கேட்டா?"

"கேட்டுட்டா. பக்கத்து வூட்டுப் பொண்ண விட்டு இன்னொரு தடவை படிக்கச் சொல்லணுமாம்."

அவர் சட்டைப்பையை உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்தார்.

"அதான் எடுத்துக்கிட்டு பஸ் ஏறிட்டேன்."