கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

மகள்: அந்த ஸ்க்ரூவைத் தொடாதீங்கப்பா. போர்டு மொத்தமா கீழ வந்துரும்.

அப்பா: வரட்டும். கழட்டத்தான் வந்தேன்.

மகள்: இன்னும் கொஞ்ச நேரத்துல எங்க இன்டீரியர் டிசைன் கண்காட்சிக்கு ஆளுங்களை உள்ள விட்டுருவாங்க. கழட்டினா என் இடம் வெறுஞ்சுவரா நிக்கும்.

அப்பா: வெறுஞ்சுவரே தேவலை. பக்கத்துல பாரு, அந்தப் பிள்ளை ஹோட்டல் வரவேற்பறை செஞ்சு வெச்சிருக்கு. அதுக்கு அடுத்தது பல் டாக்டர் கிளினிக். பார்க்கவே குளுகுளுன்னு இருக்கு. நீ மட்டும்...

மகள்: நான் மட்டும்?

அப்பா: என் வாயால சொல்ல வைக்காதே.

மகள்: எதுக்குச் சொல்லணும்? பெரிய எழுத்துல நானே போட்டிருக்கேனே. 'சிறைச்சாலை, பார்வையாளர் அறை.'

அப்பா: மெதுவா பேசு பாப்பா.

மகள்: எழுதி மாட்டினதை மெதுவா பேசி என்னப்பா ஆகப்போகுது?

அப்பா: சரி, தலைப்பு இருந்துட்டுப் போகட்டும். காலேஜ்ல கொடுத்த வேலைன்னு சொல்லிச் சமாளிச்சுக்கலாம். கீழ ஒரு வரி இருக்குல்ல... அதை மட்டும் எடுத்துரு.

மகள்: எந்த வரி? படிங்க.

அப்பா: கண்ணாடி கொண்டு வரல.

மகள்: அப்போ நான் படிக்கிறேன். 'என் அண்ணனைப் பார்க்க நான் போகும் அறை இது. இதை மாற்றிப் பார்க்க விரும்பினேன்.' இதுல என்ன தப்பு?

அப்பா: 'போகும்'னு போட்டிருக்கே.

மகள்: ஆமா.

அப்பா: நம்ம வீட்டுல யாரும் அந்தப் பக்கம் தலை வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?

மகள்: சொன்னீங்க. நானும் சனிக்கிழமை ஆனா, கட்டட வேலை பார்க்கப் போறேன், வாத்தியார் வரச் சொன்னாருன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். நீங்களும் டிபன் பாக்ஸ் எடுத்துக்கோன்னு அனுப்பி வெச்சீங்க.

அப்பா: எத்தனை நாளா?

மகள்: படிப்பு ஆரம்பிச்சதுல இருந்து.

அப்பா: என்னை முட்டாளாக்கியிருக்கே.

மகள்: நீங்க ஊரையே ஆக்கியிருக்கீங்க. கேட்கிறவங்ககிட்டயெல்லாம் பையன் கப்பல்ல வேலை பார்க்கிறான்னு சொல்றீங்க. இத்தனை வருஷமா கரைக்கே வராத கப்பல் எதுப்பா?

அப்பா: நக்கல் பண்ணாதே. நான் யாருக்காகச் சொன்னேன்? உனக்காகத்தான். நாளைக்கு உன்னைப் பொண்ணு கேட்டு...

மகள்: எனக்காகன்னு சொல்லாதீங்க. நான் கேட்கவே இல்ல.

அப்பா: உங்கம்மாவுக்காக.

மகள்: அம்மா கல்யாண வீட்டுக்குப் போறதையே விட்டுட்டாங்க. ஏன் தெரியுமா? யாராவது கப்பலைப் பத்திக் கேட்பாங்கன்னு பயம். எந்த ஊர்த் துறைமுகம்னு நீங்க சொன்னது அவங்களுக்கு மறந்து போச்சு.

அப்பா: அதுக்காக உண்மையைப் போர்டுல எழுதி மாட்டுவியா?

மகள்: அண்ணன் குடிச்சிட்டு வண்டி ஓட்டினான். ரோட்டுல நடந்து போன மனுஷன் செத்துப் போனாரு. அதை நான் இல்லைன்னு சொல்லல. அண்ணனும் சொல்லல. கோர்ட்டுல முதல் நாளே ஒத்துக்கிட்டான். செஞ்சதுக்கு அவன் உள்ள இருக்கான். நாம எதுக்குப்பா உள்ள இருக்கணும்?

அப்பா: பேச நல்லாத்தான் இருக்கு. இன்னைக்கு வர்றது யாருன்னு தெரியுமா உனக்கு? வேலைக்கு ஆள் எடுக்க வர்ற பில்டருங்க. அதுல பாதிப் பேரு நம்ம கடையில டைல்ஸ் வாங்குறவங்க. என் மூஞ்சியைப் பார்த்துத்தான் உன்னை எடுக்கலாம்னு இருப்பாங்க. அதுல கொண்டு போய் மண்ணை அள்ளிப் போடுறியே.

மகள்: உங்க மூஞ்சியைப் பார்த்து எடுக்கிற வேலை எனக்கு வேண்டாம்.

அப்பா: ரெண்டே ரெண்டு வருஷப் படிப்பு. இதுக்கே இந்த வாய்.

மகள்: திரைச்சீலை தைக்கிற படிப்புன்னுதானே சொன்னீங்க, சேரும்போது?

அப்பா: விளையாட்டுக்குச் சொன்னேன்.

மகள்: நானும் ஒரு மாசம் அப்படித்தான் நினைச்சேன். மெத்தைக்கும் சுவருக்கும் கலர் பொருத்தம் பார்க்கிறதுன்னு. அப்புறம் ஒருநாள் கிளாஸ்ல, ஒரு அறைக்குள்ள சத்தம் எங்க பட்டு எங்க திரும்புதுன்னு சொல்லிக் கொடுத்தாங்க. எனக்குச் சட்டுனு அந்த ரூம் ஞாபகம் வந்துச்சு. வரைஞ்சா இதைத்தான் வரையணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்.

அப்பா: உங்க துறைத்தலைவர் வேண்டாம்னாராமே. வாசல்ல பார்த்தேன், வருத்தப்பட்டாரு.

மகள்: என்கிட்டயும் சொன்னாரு. வேலை கொடுக்க வர்றவங்க யாரும் ஜெயில் கட்டப் போறதில்லை, வேற தலைப்பு எடுன்னாரு. மார்க் குறைஞ்சா நான் பொறுப்பில்லைன்னாரு. நான் பொறுப்புன்னேன்.

அப்பா: அவர்கிட்டயுமா இப்படி எதிர்த்துப் பேசினே?

மகள்: யார் கேட்டாலும் அதே பதில்தான்பா. அங்க ஒருநாள் உட்கார்ந்து பார்த்தா உங்களுக்கே தெரியும். வரிசையா ஸ்டூல். எதிர்ல கண்ணாடி. கண்ணாடியில சின்னச் சின்ன ஓட்டை. தரையும் சிமெண்டு, மேலயும் சிமெண்டு. எல்லாரும் ஒரே நேரத்துல பேசுறதால எல்லாரும் கத்துறாங்க. எனக்குப் பக்கத்துல ஒரு அம்மா 'சாப்பிட்டியாடா'ன்னு கேட்டாங்க. உள்ள இருந்த பையன் 'என்னது'ன்னான். அவங்க திரும்பக் கேட்டாங்க. கொடுத்த நேரம் முழுக்க அந்த ஒரே கேள்விதான். மணி அடிச்சதும் எழுந்து போயிட்டாங்க.

அப்பா: கொடுமை.

மகள்: கொடுமைக்குன்னு யாரும் அப்படிக் கட்டியிருக்க மாட்டாங்க. யோசிக்காம கட்டியிருக்காங்க, அவ்வளவுதான். அதனால முதல்ல சீலிங்கை மாத்தினேன். இங்க பாருங்க, மாடல்ல. இந்தப் பஞ்சுப் பலகை சத்தத்தை உள்ள இழுத்துக்கும். ஸ்டூலுக்கு ஸ்டூல் நடுவுல தோள் உயரத்துக்குத் தடுப்பு. சின்னப் பிள்ளைங்க ஏறி நிக்க கண்ணாடிக்குக் கீழ ஒரு படி.

அப்பா: கண்ணாடி அப்படியேதான் இருக்கு.

மகள்: அதை எடுக்க எனக்கு உரிமை இல்ல. விதிமுறைன்னு சொல்லிட்டாங்க. இருக்கிறதை வெச்சுக்கிட்டு நல்லாப் பண்றதுதான் இந்தப் படிப்பு.

அப்பா: அளவெல்லாம்? உள்ள டேப் கொண்டு போக விடமாட்டாங்களே.

மகள்: சாண் போட்டு அளந்தேன். காவலர் பார்த்தா, உட்கார இடம் தேடுற மாதிரி நடிப்பேன்.

அப்பா: ஜன்னலை எதுக்கு இந்தப் பக்கம் கொண்டு வந்தே?

மகள்: இப்ப இருக்கிற இடத்துல வெயில் நேரா கண்ணாடியில பட்டு மின்னுதுப்பா. எதிர்ல இருக்கிறவங்க முகமே தெரியாது. நம்ம முகம்தான் தெரியும்.

அப்பா: அதுவும் காலையில போனா ரொம்ப மோசம்.

மகள்: ...என்னப்பா?

அப்பா: என்ன?

மகள்: காலையில மோசம்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

அப்பா: போட்டோவுல பார்த்திருப்பேன்.

மகள்: அங்க போட்டோ எடுக்கவே விட மாட்டாங்க.

அப்பா: கதவைத் தொறந்துட்டாங்க. அதோ நம்ம பில்டர் சார் நேரா இங்கதான் வர்றாரு. அந்த வரிக்கு முன்னாடி வந்து நில்லு பாப்பா. நான் ஏதாவது பேசி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயிடறேன்.

மகள்: நிக்க மாட்டேன்.

அப்பா: உன் காலைப் பிடிக்கணுமா நான்?

மகள்: யாரும் யார் காலையும் பிடிக்க வேண்டாம். அவர் வரட்டும். படிக்கட்டும்.

பில்டர்: என்ன அண்ணே, கடையைப் பூட்டிட்டு இங்க நிக்கிறீங்க? ஓ, நம்ம பொண்ணு வேலையா இது?

அப்பா: வாங்க சார், வாங்க. அந்தப் பக்கம் ஹோட்டல் ஒண்ணு பிரமாதமா...

பில்டர்: பார்த்துட்டுத்தான் வர்றேன். எல்லாம் பளபளன்னு இருக்கு, உட்காரத்தான் இடம் இல்ல. இது என்னம்மா, சீலிங்ல?

மகள்: சத்தம் எதிரொலிக்காம இருக்க சார். மேலயும் கீழயும் சிமெண்டா இருந்தா பேசுறது எதுவும் புரியாது.

பில்டர்: எனக்கு ஒரு பள்ளிக்கூடத்துல இதே தொல்லை. சாப்பாட்டு ஹால்ல காது வலிக்குதுன்னு டீச்சருங்க என்னைத் திட்டுறாங்க. நீ ஒருநாள் வந்து பாரேன்.

மகள்: வர்றேன் சார். முதல்ல போர்டை முழுசாப் படிச்சிருங்க. அப்புறமும் கூப்பிட்டா வர்றேன்.

பில்டர்: அதென்ன அப்படிச் சொல்றே... 'என் அண்ணனைப் பார்க்க'... உனக்கு ஒரே அண்ணன்தானேம்மா? கப்பல்ல இருக்கிறவன்?

மகள்: ஒரே அண்ணன்தான் சார்.

பில்டர்: அப்போ இது சும்மா, கற்பனைக்கு எழுதினது. என்ன அண்ணே, அப்படித்தானே?

மகள்: கற்பனை இல்ல சார். எங்க அண்ணன்...

அப்பா: இரும்மா. கப்பலை விட்டது நான், நானே சொல்றேன். பையன் ஜெயில்ல இருக்கான் சார். புதன்கிழமை கடைக்கு லீவு விடுறேன்ல, சரக்கு எடுக்கப் போறேன்னு? எங்கயும் போகல. காலையில முதல் ஆளா இந்த ரூம்லதான், கடைசி ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பேன். தங்கச்சிகிட்ட மூச்சு விடாதேன்னு அவன்கிட்ட நான்தான் சொல்லி வெச்சிருக்கேன்... இவ சொல்றது நிஜம் சார், ஒரு வார்த்தை காதுல விழாது.