திருடன் வளைத்த கம்பி

— இழுக்காதே, காது பிய்ஞ்சுடும்!

— காது உங்களுக்கு எதுக்குங்க? நான் சொன்னது எதாவது அதுல ஏறியிருக்கா? பக்கத்துத் தெருவுல அத்தனை பழைய சிறைச்சாலை, ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்குது, ஒருநாள் போகலாம்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து கெஞ்சுறேன். இன்னைக்குத்தான் வந்தீங்க. வந்ததும் ஜன்னல் கம்பிக்குள்ள தலையை விட்டுட்டீங்க.

— வாட்ச்மேன், இந்தக் கம்பியைக் கொஞ்சம் அறுத்து விடுங்களேன்.

— அறுக்கிறதா! சார், இது பாதுகாக்கப்பட்ட சின்னம். துடைக்கணும்னாலே நான் மேலிடத்துல கேட்கணும். உங்க தலைக்கு அப்படி எதுவும் கிடையாது.

— அதனால தலையை அறுப்பீங்களா?

— சட்டப்படி அதுதான் சுலபம்.

— சிரிக்காதே!

— நானா சிரிச்சேன்? தொண்டையில ஏதோ அடைச்சுதுங்க.

— ஏன் சார், 'தொடாதீர்கள்'னு அவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கே?

— கையாலன்னு நினைச்சேன். எல்லாம் உங்க கதையாலதான்! ஒரு திருடன் இந்தக் கம்பியை வெறும் கையால வளைச்சு, தலையை நுழைச்சுத் தப்பிச்சானாம். சுத்தப் புளுகு! இதுக்குள்ள ஒரு ஆளோட தலை போகாதுன்னு காட்டத்தான் விட்டேன்.

— போயிடுச்சே சார்.

— போயிடுச்சு.

— நம்ம திருடனைப் புளுகுன்னா இப்படித்தான். போன வாரம் ஒரு பேராசிரியர் இந்த வளைவைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கிட்டார்.

— அவரை மட்டும் தொட விட்டீங்களா?

— அவர் அழுதாரும்மா. அழறவங்களை எப்படி விரட்டுறது?

— நானும் அழறேன்யா, அறுத்து விடு!

— அசையாதீங்க சார். கதவுக் கீலுக்கு வெச்ச எண்ணெய் இருக்கு, தடவுறேன்.

— தலைக்கா, கம்பிக்கா?

— தலைக்கு மட்டும்தாம்மா. கம்பியில பட்டா நான்தான் பதில் சொல்லணும்.

— என்னங்க, அந்தப் பக்கம் என்ன தெரியுது?

— ஒரு முற்றம். நடுவுல கிணறு. சுத்தி தூண். ஒவ்வொரு தூண்லேயும் ஒரு கிளி செதுக்கியிருக்கான். சொன்னா நம்பமாட்டே, ஒரு கிளி மாதிரி இன்னொண்ணு இல்லை. ஒண்ணு கொட்டாவி விடுது! ஜெயிலுக்கு எதுக்குய்யா கிளி?

— முதல்ல இது அரண்மனை சார். ஜெயிலானது அப்புறம். விவரமா சொல்றேன், நீங்கதான் எங்கேயும் போகப் போறதில்லையே.

— அழகாத்தான் இருக்கு.

— இதைச் சொல்ல வைக்க உங்களை மாட்டி வைக்க வேண்டியிருக்கு. சரி, அண்ணியும் பார்க்கட்டும். பஸ்ஸைவிட்டு இறங்கினதும் நேரா இங்கேயே வரச் சொல்லியிருக்கேன்.

— யாரு, எங்க அக்காவையா? இங்கேயா? யாரைக் கேட்டு வரச் சொன்னே? வாட்ச்மேன், கேட்டைச் சாத்துங்க!

— பார்த்தா என்னங்க? ரெண்டு சிரிப்பு சிரிப்பாங்க.

— சிரிச்சா பரவாயில்லைடி. பேசுவா!

— ஐயோ, வந்துட்டாங்க. வாங்க அண்ணி! இது... இது அவர் இல்லை அண்ணி.

— அந்தச் சட்டை நான் எடுத்துக் கொடுத்ததும்மா. டேய் தம்பி, மறுபடியுமா?

— மறுபடியுமான்னா?

— அக்கா, உன் காலைப் பிடிக்கிறேன்... கால் எந்தப் பக்கம் இருக்குன்னு தெரியலை.

— இவன் ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்போ இதே ஜன்னல்லதான் மாட்டினான். தெருவே கூடிடுச்சு.

— ஓஹோ! அதனாலதான் இத்தனை வருஷமா 'அங்க என்ன இருக்கு பார்க்க'ன்னு சாதிச்சீங்களா?

— அம்மா, அப்போ எப்படி வெளியே எடுத்தீங்க? இப்பவும் அதையே செஞ்சு பார்த்துடலாமே.

— செய்யலாமே. எங்கப்பா கடப்பாரையைக் கொண்டுவந்து நெம்பினார். வெளியே போர்டு வெச்சிருக்கீங்களே, திருடன் வளைச்சதுன்னு, அதுதான்.