அலை கொண்டுபோன பல் செட்டு

அந்தக் குழியில வேண்டாம் டீச்சர், அதை நான் பாத்துட்டேன். நல்லாத்தான் பாத்தேன். ஒரே ஒரு நண்டு இருக்கு, அதுவும் ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு என்கூட சண்டைக்கு வருது. நீங்க முதல்ல இப்படி வந்து உக்காருங்க. வந்தவங்களை வந்ததும் வராததுமா முழங்கால் தண்ணியில இறக்கி விட்டுட்டேன்னு எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா, என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாரு.

ஆமா, மேல கார்லதான் இருக்காரு. கண்ணாடிய ஏத்திவிட்டுக்கிட்டு, துண்டால வாயப் பொத்திக்கிட்டு, ஊசி போடப் பயந்த பிள்ளை மாதிரி ஒடுங்கிப்போய் உக்காந்திருக்காரு. என்கிட்ட என்ன சொல்லி அனுப்பினாரு தெரியுமா. ஆஸ்பத்திரியில ஒரு லிஃப்ட் நின்னுடுச்சு, ரிப்பேர் பண்ண அவசரமா போயிட்டாருன்னு சொல்லச் சொன்னாரு. அதையே துண்டுக்குள்ள இருந்து மூணு தடவை சொன்ன பிறகுதான் எனக்குப் புரிஞ்சுது. நான்தான் எதுக்குப் பொய்யின்னு, மேல் வரிசைப் பல் செட்டை அலை அடிச்சுட்டுப் போயிடுச்சுன்னு உங்ககிட்ட பட்டுன்னு போட்டு உடைச்சேன். நீங்க சிரிச்சுட்டு, சரி விடுங்கன்னு கிளம்பிடுவீங்கன்னு நெனச்சேன். நீங்க என்னடான்னா சேலைய ஏத்திச் செருகிக்கிட்டு இறங்கிட்டீங்க.

எப்படிப் போச்சுன்னு கேக்கறீங்க. அத ஏன் கேக்கறீங்க. எட்டு மணிக்குத்தான் தண்ணி நல்லா இறங்கும், அப்ப வாங்கன்னு நீங்க சொல்லியிருக்கீங்க. இவரு ஆறரைக்கே வந்து நிக்கறாரு. முன்னாடியே இடத்தைப் பாத்து வெச்சுக்கணுமாம். இதென்னப்பா பரீட்சை ஹாலா, நம்பர் பாத்து உக்கார்றதுக்குன்னு கேட்டேன். இஸ்திரி போட்ட பேண்ட்டோட அந்த முள்ளுப் புதர் வழியா இறங்கி வந்து, அதோ அந்தத் தட்டைப் பாறை இருக்கே, அதுல உக்காந்தாரு. புது செட்டு, ஈறுல அழுத்துது, கொஞ்ச நேரம் கழட்டி வெக்கறேன்னு கைக்குட்டையில சுத்திப் பக்கத்துல வெச்சாரு. அப்பதான் பெரிய குழியில பூ மாதிரி ஒரு பிராணி விரிஞ்சு கிடக்குமே, தொட்டா சுருங்கிக்குமே, அது அவரு கண்ணுல பட்டுச்சு. போச்சு. குனிஞ்சு தொடறாரு, சுருங்குது. விரியற வரைக்கும் காத்துக்கிட்டிருந்து திரும்பவும் தொடறாரு. பத்து நிமிஷம் இதே வேலை. திரும்பிப் பாத்தா பாறை ஈரமா இருக்கு, கைக்குட்டையக் காணோம். அலை வந்திருக்கும் போலன்னாரு. நானும் ஆமாப்பா, வந்திருக்கும்னேன்.

அரை மணி நேரம் நாலு கால்ல தவழ்ந்து தேடினாரு டீச்சர். பேண்ட்டெல்லாம் பாசி. அப்புறம் துண்டால வாயப் பொத்திக்கிட்டு கார்கிட்ட ஏறிப் போயிட்டாரு.

அங்க பாசி வழுக்கும், பாத்து. ஓ, உங்களுக்கு நான் சொல்லணுமா. மாசாமாசம் வந்து, இந்தச் சதுரக் கம்பிச் சட்டத்தைப் பாறை மேல வெச்சு, அதுக்குள்ள எத்தனை நத்தைன்னு எண்ணி எழுதறவங்க நீங்க. வீட்டுல உங்களுக்கு நத்தை டீச்சர்னுதான் பேரு. கோவிச்சுக்காதீங்க, அப்பா வெச்சதுதான். செல்லமாத்தான்.

நீங்க மாட்டிக்கிட்ட அந்த லிஃப்ட் கதையா. உங்களுக்கு உள்ள இருந்து தெரியும். எனக்கு வெளியில இருந்து தெரியும், அதுவும் ஒரு நூறு தடவை கேட்டிருப்பேன். மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல நின்னுடுச்சு, உள்ள ஒரே ஒரு அம்மா. பார்ட்ஸ் வர நாப்பது நிமிஷம் ஆகும். மத்த மெக்கானிக்கா இருந்தா பயப்படாதீங்கம்மான்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவரு கதவு இடுக்குல வாய வெச்சுக்கிட்டுப் பேச ஆரம்பிச்சுட்டாரு. நீங்களும் சளைக்காம நத்தையப் பத்திச் சொல்லியிருக்கீங்க. அன்னைக்கு வீட்டுக்கு வந்தவரு செருப்பைக்கூடக் கழட்டல. ஒரு டீச்சரம்மா, பயப்படவே இல்ல, நத்தை தான் இருந்த பாறைக்கே தேடித் திரும்பி வந்துடுமாம், உனக்குத் தெரியுமான்னு என்னைக் கேக்கறாரு. அதுக்கப்புறம் உங்க பில்டிங் லிஃப்டுக்கு மாசத்துக்கு நாலு சர்வீஸ். அது பாட்டுக்கு நல்லா ஓடிக்கிட்டிருந்த லிஃப்ட், இவரு கை வெச்சே கெட்டுப்போயிருக்கும்.

அப்ப இருந்தது சொந்தப் பல்லு. ஆனா மேல வரிசையில பாதி ஆட்டம். உங்க முன்னாடி ஒண்ணு விழுந்து தொலைச்சா என்ன பண்றதுன்னு மொத்தத்தையும் எடுத்துட்டு செட்டு கட்டிக்கிட்டாரு. அதனாலதான் ஒன்றரை மாசமா உங்க பக்கம் தலைகாட்டல, வேற ஒண்ணுமில்ல. புது செட்டுல பேசிப் பழகணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தினமும் காலையில கண்ணாடி முன்னாடி நின்னுக்கிட்டு சங்கு, சிப்பி, சங்கு, சிப்பி. சங்கு ஒழுங்கா வந்துடும். சிப்பின்னு சொன்னா விசில் அடிக்கும். பக்கத்து வீட்டு நாய் ரெண்டு நாள் வாசல்ல வந்து நின்னுச்சு.

சிரிங்க சிரிங்க. நானும் விழுந்து விழுந்து சிரிச்சேன்.

எங்கம்மா போய் பதினோரு வருஷம் ஆச்சு டீச்சர். அதனால அம்மா இடத்துல இன்னொருத்தரான்னு கண்ணக் கசக்கற ஆளுன்னு என்னை நெனச்சுடாதீங்க. அம்மாவே இருந்திருந்தா, இந்த மனுஷனுக்குப் பேச ஆள் வேணும், எங்கயாவது பாத்துக் கட்டி வைங்கன்னு சொல்லியிருப்பாங்க. நீங்க ஞாயித்துக்கிழமை மகன் வீட்டுக்குப் போறீங்க, அங்கயே இருந்தாலும் இருந்துடுவீங்கன்னு அப்பாவுக்குத் தெரியும். இன்னைக்குக் கேக்கலன்னா இனி எப்பவும் இல்லன்னும் தெரியும். என்ன கேக்கப்போறாருன்னு உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும், இல்லன்னா இவ்வளவு நல்ல சேலையக் கட்டிக்கிட்டு யாராவது நத்தை எண்ண வருவாங்களா.

எனக்கா. எனக்கென்ன டீச்சர், எனக்குச் சம்மதம்தான். அவரு சந்தோஷமா இருந்தா போதாதா. நான் வேலைக்குப் போறேன் வர்றேன். ஒரு வாஷிங் மெஷின் கம்பெனிக்குப் போன்ல பதில் சொல்ற வேலை. ஒரு நாளைக்கு எண்பது பேர்கிட்ட பேசறேன். தண்ணி வரலயா, ப்ளக் போட்டிருக்கீங்களா, உங்கள் பொறுமைக்கு நன்றி. எல்லாம் எழுதிக் குடுத்த பேச்சு. ஒரு வார்த்தை கூடுதலாப் பேசினா மேனேஜர் காதுல வந்து கத்துவாரு.

வீட்டுக்காரரா. அவரு இல்ல, பிரிஞ்சு நாலு வருஷம் ஆச்சு. சண்டையெல்லாம் கிடையாது. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லன்னு இருந்துச்சு. காலையில ம், ராத்திரி ம், நடுவுல டீவி. ஒரு நாள் பெட்டியத் தூக்கிக்கிட்டு அப்பா வீட்டுக்கு வந்தேன். ஏன் வந்தேன்னு அப்பா கேக்கவே இல்ல. வா வா, இன்னைக்கு ஒரு லிஃப்டுக்குள்ள பூனை மாட்டிக்கிச்சுன்னு ஆரம்பிச்சாரு. அன்னைக்கு ஆரம்பிச்சதுதான். நான் ஆறே காலுக்கு வருவேன். அவரு டீ போட்டு வெச்சுக்கிட்டு, சமையக்கட்டு மேடை மேல ஏறி உக்காந்திருப்பாரு. எட்டு மணி வரைக்கும் பேசுவோம். என்ன பேசுவோம்னு கேட்டா ஒண்ணுமில்ல. உப்புப் பெறாத பேச்சு. ஆனா அந்த ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கறதாலதான் அந்த எண்பது பேரை நான் சமாளிக்கறேன்.

அங்க கைய விடாதீங்க டீச்சர். உள்ள கருப்பா, முள்ளு முள்ளா ஒண்ணு இருக்கு. தண்ணியும் திரும்பிடுச்சு பாருங்க, முதல் குழி மூழ்கியே போச்சு. நம்ம நடந்து வந்த வழியும் இன்னும் அரை மணி நேரத்துல மூழ்கிடும்னு நீங்கதானே சொன்னீங்க. போதும் விடுங்க. பல்லுதானே, வேற கட்டிக்கலாம். ஞாயித்துக்கிழமை நீங்க பாட்டுக்குக் கிளம்புங்க, அப்புறமா போன்ல பேசிக்கலாம்.

என்ன சொன்னீங்க. பல்லே இல்லன்னாலும் பரவாயில்லையா. அத நீங்க சொல்றீங்க, அவரு கேக்க மாட்டாரே. நீங்க மேல போனீங்கன்னா கார் கதவைப் பூட்டிக்குவாரு. அவருகிட்ட இருக்கற சொத்தே வாய்தான். அதுவும் இப்படிக் கொழகொழன்னு ஆயிட்டா உங்க முகத்துல முழிக்கவே மாட்டாரு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான்...

ஐயோ, என்னது அது, ரத்தமா. காட்டுங்க. சிப்பி கிழிச்சுடுச்சா. பிளேடு மாதிரி இழுத்திருக்கே. எதுக்கு டீச்சர் அந்த இடுக்கு வரைக்கும் கைய விடறீங்க. இந்தாங்க, என் துப்பட்டாவ அழுத்திப் பிடிங்க. திரும்பியும் எங்க போறீங்க. இன்னும் மூணு குழி பாக்கணுமா. அந்தக் கடைசிப் பாறை வரைக்குமா. அங்க இடுப்பளவு தண்ணி நிக்குது. அறுபத்திரெண்டு வயசுல, ஒரு ஆளோட பொய்ப்பல்லுக்காக, வெட்டுப்பட்ட கையோடயா.

நில்லுங்க டீச்சர். உங்களுக்குக் கோடி புண்ணியம், நில்லுங்க.

அங்க இல்ல. எந்தக் குழியிலயும் இல்ல. என் பையில இருக்கு.

ஆமா, அலையெல்லாம் ஒண்ணும் வரல. அவரு அந்தப் பூவைத் தொட்டுக்கிட்டிருந்தப்ப நான்தான் கைக்குட்டையோட எடுத்துக்கிட்டேன். பாறை மேல ஒரு கை தண்ணியும் தெளிச்சு விட்டேன். முதல்லயே திட்டம் போட்டு வந்தேன்னு நெனக்காதீங்க. வீட்டுல இருந்து வர்ற வழியெல்லாம் அவரு என்கூடப் பேசவே இல்ல. முக்கால் மணி நேரம். உங்ககிட்ட சொல்லப்போறத மனசுக்குள்ளயே சொல்லிப் பாத்துக்கிட்டு வந்தாரு, உதடு மட்டும் அசையுது. எங்கப்பா பக்கத்துல உக்காந்து இவ்வளவு நேரம் நான் பேச்சே இல்லாம வந்தது அதுதான் முதல் தடவை. இனிமே ஆறே காலுக்கு வீட்டுக்கு வந்தா இப்படித்தான் இருக்கும்னு தோணுச்சு. பயந்துட்டேன். கை பாட்டுக்கு எடுத்துடுச்சு. அவரு தவழ்ந்து தேடறத நின்னு பாத்துக்கிட்டிருந்தேன் பாருங்க, அதுக்கு என்னை என்ன செஞ்சாலும் தகும்.

ஒரு உதவி பண்ணுங்க. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க, ஒரு குழியில கிடைச்சுதுன்னு சொல்லிடுங்க. இவ்வளவு ரத்தத்தோட போனா நம்பிடுவாரு.

மாட்டீங்களா.

சரி. நியாயம்தான். முதல் நாளே பொய்யில ஆரம்பிக்கக் கூடாதுதான். நானே சொல்லிடறேன். செட்டைக் கைல வெச்சுக்கிட்டு, முதல்ல விஷயத்தச் சொல்லிட்டு, அப்புறமா குடுக்கலாமான்னு பாக்கறேன். பல்லு இல்லாம அவரால என்னைத் திட்ட முடியாதுல்ல.

வேண்டாம், குடுத்துட்டே சொல்றேன். மாட்டிக்கிட்டு நல்லா வாய் நிறையத் திட்டட்டும். நீங்க கொஞ்சம் மெதுவா ஏறி வாங்க டீச்சர், அந்தத் திட்டு பூராவும் எனக்கு வேணும்.