கவிழ்த்துப் பார்த்த கிண்ணம்

புத்தாண்டுக்கு வருகிறவர்கள் முன்னால் ஏழு வகைத் தீனி வைத்தால், எந்த வீட்டிலும் முதலில் தீர்வது தர்பூசணி விதைதான். தாமரை விதை மிட்டாயைக் கடைசிவரை யாரும் சீண்ட மாட்டார்கள். எங்கள் சூச்சோ நகரத்தில் வசதியான குடும்பங்கள் அந்தக் காலத்தில் இதற்கென்றே ஏழு பீங்கான் கிண்ணங்கள் வைத்திருந்தன. ஐந்து முக்கோணம், ஒரு சதுரம், ஒரு இணைகரம். பிள்ளைகள் அட்டையில் வெட்டிப் பூனை, படகு, கூன்கிழவன் என்று அடுக்குகிறார்களே, அதே ஏழு துண்டுகள்தான். ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சதுரத் தட்டில் சிக்கென்று உட்காரும்.

நான் சேகரித்தது அந்தக் கிண்ணங்களை. என்னிடம் இருந்தது ஒரே ஒரு செட்டின் ஆறு கிண்ணங்கள். தட்டின் மூலையில் கிளம்பும் பிளம் மரக்கிளை ஒன்று ஏழு கிண்ணங்களின் மேலும் படர்ந்து போகும்படி தீட்டியிருப்பார்கள். என் கிளை நடுவில் அறுந்து கிடந்தது. இணைகரம் இல்லை. பத்தொன்பது வருடம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன், ஐயா. அலுத்துப்போய்விட்டது.

பாங்கைச் சந்தித்தது கோயில் பக்கத்துப் பழம்பொருள் சந்தையில். படகுத்துறையில் டிக்கெட் கிழித்தவன். மரம், தகரம், அட்டை, எதில் செய்த ஏழு துண்டானாலும் வாங்குவான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு கடை விரிப்பில் அந்த இணைகரக் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. எங்களைப்போலச் சேகரிப்பவர்கள் எந்தப் பாத்திரத்தையும் அடிப்பக்கம்தான் முதலில் பார்ப்பார்கள். பட்டறை முத்திரை அங்கேதான் இருக்கும். நானும் அதைத்தான் பார்த்தேன். என் ஆறிலும் இருந்த அதே முத்திரை. என் ஓட்டை எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே சாய்ந்திருந்தது. நான் கையை நீட்டுவதற்குள் பாங் அதை வாங்கிப் பருத்தித் துணியில் சுற்றிவிட்டான்.

அடுத்த வாரம் கேட்டேன். கொடுக்கவில்லை. அதற்கடுத்த பன்னிரண்டு வருடமும் கொடுக்கவில்லை, எடுத்துக் காட்டவும் இல்லை. "விடுங்க வாத்தியாரே, அது உங்க கைக்கு வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்" என்பான். கஞ்சத்தனத்துக்கு எவ்வளவு அழகாகப் பூ வைக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன். மற்றபடி நல்ல மனிதன். எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு: யார் முன்னால் போனாலும் அவருடைய துண்டுகள் மற்றவருக்கு. சேகரிப்பவர்களிடையே இது வழக்கம்தான்.

போன மாதம் அவன் மகள் ருன்ஹுவா வான்கூவரிலிருந்து வந்தாள். பெற்றோரைக் கையோடு அழைத்துப்போகிறாளாம். அவர்களுடைய பாஸ்போர்ட் விஷயமாக அவள் நான்ஜிங் போயிருந்த அன்று பாங் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டான். மனைவி குன்ஷானில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், மாலைதான் திரும்புவாள் என்றான். பன்றி இறைச்சி நன்றாக வெந்திருந்தது. அரிசி மது சூடாக இருந்தது.

"கிண்ணத்தையும் கொண்டுபோகிறாயா?" என்று கேட்டேன்.

"பின்ன? அது என்ன அழுவுதா, விட்டுட்டுப் போக? நீங்க ஆறை வச்சுக்கிட்டு நிம்மதியா இருங்கண்ணே" என்று சிரித்தான்.

கோபம் வரவில்லை. சோர்வுதான் வந்தது. அறுபத்தெட்டு வயதில் இன்னொரு பத்தொன்பது வருடம் தேட முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் தூங்குவான். சன்னல் இடுக்குகளிலெல்லாம் குளிருக்காகக் காகிதம் ஒட்டியிருந்தது. கரி அடுப்பின் தகரப் புகைக்குழாய் மட்டும் சுவரைத் துளைத்துச் சந்துக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நான் வீட்டுக்குப் போய், ஒரு பழைய பஞ்சுக் கையுறையை நனைத்து எடுத்து வந்து, குழாயின் வாயில் திணித்தேன். மணி ஒன்றரை. தூறல். சந்தில் ஆள் இல்லை. நான்கு மணிக்குத் திரும்பிப் போய்க் கையுறையை உருவி எடுத்துவிட்டேன்.

"வடக்குக் காத்து புகையை உள்ள திருப்பி விட்டிருக்கும், பாவம்" என்று பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிக்கொண்டார்கள். 

ஏழாம் நாள் சடங்கு முடிந்ததும் ருன்ஹுவா என் வீட்டுக்கு வந்தாள். துணிப் பொட்டலத்தை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"பெரியப்பா, அப்பா பேச்சுப்படி இது உங்களுக்கு. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இது உங்க செட்டுல சேராது. எதிர்ப்பக்கம் சாயுது. வீட்டுக்கு வந்து நிமித்தின உடனே அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. சொன்னா மனுஷன் ஒடிஞ்சுபோவாருன்னு சொல்லவே இல்லை. சரியானதைத் தேடிக் கொடுத்திடணும்னுதான் ஞாயித்துக்கிழமை தவறாம சந்தைக்குப் போனாரு."

அவள் போனபின் வைத்துப் பார்த்தேன். அட்டைத் துண்டாக இருந்தால் புரட்டிப் போடலாம். கிண்ணத்தைப் புரட்டினால் அது கிண்ணமில்லை. கவிழ்ந்து கிடந்தபோது என் பக்கம் சாய்ந்தது நிமிர்ந்தால் மறுபக்கம் சாயும். இதை முப்பத்தோரு வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் நான். அந்தப் பட்டறை இரண்டு விதமாகவும் செய்திருக்கிறது. இது வேறு யாருடைய கிளையோ.

ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் இன்று விமானத்தில் இருப்பான். இதில் பாதித் தவறு அவனுடையது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். கிண்ணத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிடுங்கள். எனக்கு உதவாத பொருளை வைத்திருப்பது முறையல்ல. அதற்காகத்தான் காலையிலேயே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்தேன்.

பாங்கோடு செத்துப்போன அவன் மனைவி சீக்கிரம் திரும்பிவிட்டது எனக்குத் தெரியாது என்று என் வாக்குமூலத்தில் எழுதியிருக்கிறீர்கள். இளகிய மனம் உங்களுக்கு. அதை அடித்துவிடுங்கள், ஐயா. கையுறையோடு வந்தபோது வாசலில் அவனுடைய செருப்புக்குப் பக்கத்தில் அவளுடைய துணிச் செருப்பும் ஈரமாகக் கிடந்தது, ஆளுக்கொரு திசையில். இரண்டு ஜோடியையும் நேராக எடுத்து வைத்துவிட்டுத்தான் குழாய்ப் பக்கம் போனேன்.