தோராவின் நிலத்துக்கு இரண்டாவது சாட்சி

தோரா: …முதுகு வலியா? நேத்து என் கிணத்துல இறங்கிச் சேறு வாரினீங்களே, அப்ப எங்க போச்சு அந்த வலி?

ஐனார்: அதுக்கப்புறம்தான் வந்துச்சு.

தோரா: பரவால்ல. வண்டியில வைக்கோல் பரப்பிப் படுக்க வெச்சே கூட்டிட்டுப் போறேன். நில ஆபீஸ் வாசல்ல எழுந்து உக்காந்தா போதும்.

ஐனார்: வேற யாரையாவது கூட்டிட்டுப் போயேன், தோரா. ஸ்வென்சன் இருக்கானே…

தோரா: அஞ்சு வருஷம் இங்கயே இருந்து உழுதேன்னு சொல்ல ரெண்டு பேர் வேணும். ஸ்வென்சன் முதல் சாட்சி. நீங்க ரெண்டாவது. மூணாவதா ஒரு பக்கத்து வீட்டுக்காரனுக்கு நான் எங்க போக? இந்த டகோட்டாவுல கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல்லுதான் இருக்கு. அதோட, ஆறு வாரமா பேப்பர்ல வந்துட்டிருக்கு. பேடர் ஹாகன்சனோட விதவை தோரா பட்டா கேக்கறா, சாட்சி ஐனார் மோயன்னு. இப்ப ஆளை மாத்தினா அந்த கிளார்க் சும்மா இருப்பானா?

ஐனார்: பேப்பர் எவ்வளவு தூரம் போகும்?

தோரா: என்ன?

ஐனார்: இல்ல… மேற்கால, மலைப் பக்கமெல்லாம் போகுமான்னு கேட்டேன்.

தோரா: அங்க யாரு நம்மளைப் பத்திப் படிக்கப் போறாங்க? காப்பியைக் குடிங்க, ஆறுது. நான்தான் கிளார்க்னு வெச்சுக்கங்க. கேள்வி கேக்கறேன், பதில் சொல்லுங்க.

ஐனார்: இப்பவா?

தோரா: நாளைக்கு அங்க போய்த் திருதிருன்னு முழிக்கறதுக்கு இங்கயே முழிச்சிடுங்க. ஐனார் மோயன், இந்தப் பொம்பளையை எத்தனை வருஷமாத் தெரியும்?

ஐனார்: அஞ்சு வருஷம் ஏழு மாசம்.

தோரா: மாசம் கூடவா எண்ணி வெச்சிருக்கீங்க? சரி. நிலத்துல என்ன கட்டியிருக்கா?

ஐனார்: புல்லோட வெட்டின மண்கட்டி வீடு ஒண்ணு. கதவு ஒண்ணு, சன்னல் ரெண்டு. கிணறு. மாட்டுக் கொட்டகை. கோழிக்கூடு.

தோரா: எத்தனை ஏக்கர் உழுதிருக்கு?

ஐனார்: நாப்பத்திரெண்டு.

தோரா: உழுதது யாரு?

ஐனார்: அவதான்.

தோரா: பைபிள்ல கை வெச்சுட்டு இப்படிப் புளுகாதீங்க. பாதி நீங்க உழுதது. ஒவ்வொரு வசந்தத்துக்கும் உங்க நிலத்துக்கு முந்தி என் நிலத்துலதான் ஏர் இறங்குது. அதுக்கு மாதா கோயில் பொம்பளைங்க என்ன பேசறாங்க தெரியுமா?

ஐனார்: அவங்களுக்கு வேற வேலை என்ன.

தோரா: அவன் ஒண்டிக்கட்டை, இவ விதவை, நாலு வருஷமா ஏன் அந்த ஆளு வாயைத் தொறக்கலன்னு.

ஐனார்: …அடுத்த கேள்வி கேளு.

தோரா: குடும்பத்துல எத்தனை பேரு?

ஐனார்: ரெண்டு. தோராவும் மகள் இங்காவும்.

தோரா: முன்னாடி?

ஐனார்: அதெல்லாம் கேப்பானா?

தோரா: கேப்பான்.

ஐனார்: முன்னாடி நாலு. பேடர்… அப்புறம் சின்னது, மாரித். ஒன்றரை வயசுல தொண்டை அடைப்பு வந்து போயிடுச்சு.

தோரா: ம். புருஷன் எப்ப செத்தான்?

ஐனார்: காப்பி ஆறிடுச்சு.

தோரா: ஐனார்.

ஐனார்: பெரிய பனிப்புயல்ல. ஜனவரி மாசம்.

தோரா: உடம்பைப் பார்த்தது யாரு?

ஐனார்: தோரா, போதும்.

தோரா: அவன் விட மாட்டான். ஸ்வென்சன் வீட்டைப் பார்த்தவன், வயலைப் பார்த்தவன். பேடரைப் புதைச்சது நீங்க ஒரு ஆளுதான். உடம்பைப் பார்த்தது யாரு?

ஐனார்: என்னால முடியாது. கையை வெச்சு அதைச் சொல்ல என்னால முடியாது.

தோரா: முதுகு வலி போய்ப் புதுசா ஒண்ணு வந்துடுச்சா?

ஐனார்: கிண்டல் பண்ணாத.

தோரா: கிண்டல் இல்லாம எப்படிக் கேக்கறது? நாளைக்கு நீங்க வரலன்னா, அஞ்சு வருஷமா நான் கிடந்த கிடைக்கு ஒண்ணும் இல்லன்னு ஆயிடும். இங்காவைக் கூட்டிட்டு யார் வீட்டுல போய்ப் பால் கறக்கறது நான்?

ஐனார்: அதை நினைச்சுத்தான் நாலு வருஷமா வாயை மூடிட்டு இருந்தேன்.

தோரா: எதை மூடிட்டு?

ஐனார்: அன்னிக்குப் பேடர் என் வீட்டுக்கு வைக்கோல் வாங்க வரேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தானே வந்தான்?

தோரா: ஆமா.

ஐனார்: வைக்கோல் கேக்கல. ரயிலடிக்கு வண்டி கேட்டான். மேற்கால, மலைச் சுரங்கத்துல வேலை இருக்காம். வெட்டுக்கிளி தின்ன நிலத்தைக் கட்டிட்டு அழ முடியாதுன்னான். தோராகிட்ட சொல்லிட்டியான்னு கேட்டேன். போய்ச் சேர்ந்து எழுதறேன்னான். நான்தான் கொண்டு போய் விட்டேன். நான் வீடு வந்து சேர்றப்பவே புயல் பிடிச்சுது. மூணு நாள் கழிச்சுப் பனிச் சறுக்குக் கட்டையில உன் வாசலுக்கு வந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன், தோரா. நீ சின்னதை இடுப்புல வெச்சுட்டுக் கதவைத் தொறந்த. நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள, பனியில கிடக்கறாரான்னு கேட்ட.

தோரா: கேட்டேன்.

ஐனார்: நான் தலையாட்டிட்டேன். ஏன் ஆட்டினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்றதைவிட அது சுலபமா இருந்துச்சு. அவ்வளவுதான். ஒரு தலையாட்டல்.

தோரா: அப்புறம் ஓநாய் கடிச்சிருக்கு, முகத்தைப் பாக்காதன்னு சொன்னீங்க.

ஐனார்: சொன்னேன். தரை இளகற வரைக்கும் உடம்பு என் கொட்டகைப் பரண்லயே இருக்கட்டும்னேன். வண்டித் தொட்டியை உடைச்சுப் பெட்டி செஞ்சேன். எடைக்கு என்னத்தையோ போட்டு ஆணி அடிச்சு…

தோரா: கோதுமை.

ஐனார்: …என்ன?

தோரா: என்னத்தையோ இல்ல. விதைக் கோதுமை. ரெண்டு மூட்டை.

ஐனார்: தோரா…

தோரா: கல்லு கிடைக்காத ஊரு, தரை உறைஞ்சு கிடக்குது. வேற எதை எடுப்பீங்க? ஆனா அந்த வருஷம் உங்க வயல்ல பாதி தரிசாக் கிடந்தப்ப, பாவம், இவருக்கு விதை கிடைக்கலயேன்னு நான் வருத்தப்பட்டேன்.

ஐனார்: எப்படித் தெரியும்? பேடர் எழுதினானா?

தோரா: அவரா? எழுதற ஆளு சொல்லாமப் போவாரா?

ஐனார்: அப்ப எப்பலேர்ந்து தெரியும்?

தோரா: மூணரை வருஷமா.

ஐனார்: மூணரை வருஷமா தெரிஞ்சுட்டே… ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அந்தக் குழிக்கிட்ட போய் நிப்பியே. நானும் தொப்பியைக் கழட்டிட்டுப் பின்னாடி நிப்பேனே.

தோரா: நின்னீங்க.

ஐனார்: ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

தோரா: சொல்லியிருந்தா மறு வசந்தத்துக்கு ஏர் பூட்டிட்டு வந்திருப்பீங்களா? நீங்க உழுதது எனக்காகவா, அந்தத் தலையாட்டலுக்காகவான்னு எனக்குத் தெரியல. தலையாட்டலுக்குன்னா, சொன்ன அன்னிக்கே உங்க பாரம் இறங்கிடும், ஏர் நின்னுடும். என்கிட்ட ஒரு மாடு, ஒரு சின்னப் பொண்ணு. அதனால சொல்லல. நல்ல பொம்பளை செய்யற காரியம் இல்லதான். செஞ்சேன்.

ஐனார்: தலையாட்டலுக்கு மட்டும் இல்ல.

தோரா: இப்ப சொல்றீங்க.

ஐனார்: உயிரோட இருக்கறவன் பெண்டாட்டிகிட்ட இதை எப்படிச் சொல்றது? அதனாலதான் நானும் வாயைத் தொறக்கல.

தோரா: …அதுவும் தெரியும்.

ஐனார்: இவ்வளவும் தெரிஞ்சுட்டு நாளைக்கு என்னை எப்படிச் சத்தியம் பண்ணச் சொல்ற? பொய்ன்னு உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

தோரா: பட்டாவை விதவைக்குத் தருவான், ஐனார். விட்டுட்டுப் போனவன் பெண்டாட்டிக்குத் தர மாட்டான். உண்மையைச் சொன்னா நிலம் பேடர் பேருக்குப் போயிடும். என்னிக்காவது வந்து, ஒரு குதிரை விலைக்கு வித்துட்டுப் போவார். அந்த ஆளு பார்க்காத கிணறு, பார்க்காத வயலு.

ஐனார்: வா, வேற எங்கயாவது போயிடலாம். நீ, இங்கா, நான். வடக்க இன்னும் நிலம் கொடுக்கறான்.

தோரா: என்னால இந்த இடத்தை விட்டு வர முடியாது.

ஐனார்: காலிப் பெட்டிக்காகவா?

தோரா: மாரித் போனப்ப நீங்க கதிரடிக்க வடக்க போயிருந்தீங்க. பலகைக்கு நான் எங்க போவேன்? பத்து மைலுக்கு ஒரு மரம் கிடையாது. வெறும் மண்ணுல வைக்க மனசு வரல. அப்பன் மார்மேல படுத்துக்கட்டும்னு நானே தோண்டி அந்தப் பெட்டியைத் தொறந்தேன். கோதுமையை வெளிய எடுத்தேன்… மேலாப்புல பூஞ்சை, அடியில நல்லாத்தான் இருந்துச்சு, புடைச்சு அந்தக் குளிர்காலம் பூரா நானும் இங்காவும் தின்னோம்… அவளை உள்ள படுக்க வெச்சு, அதே ஆணியை அடிச்சு மூடினேன். நாளைக்கு உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க, நான் தடுக்கல. காலிப் பெட்டின்னு மட்டும் சொல்லாதீங்க, ஐனார். காலியா இல்ல.