நாற்பது பழைய போல்ட்டுகள்

அலுமினியத்தைத் தேய்க்க ஆரம்பித்தால் முதலில் கறுக்கும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் அங்கேதான் பயந்துபோய்க் கையை எடுப்பார்கள். எடுக்கக் கூடாது. அந்தக் கறுப்பு துணியோடு வந்துவிடும்.

இந்த வாக்குமூலத்தை ஏட்டையா தானே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். வேண்டாம் என்று பேனாவை நான் வாங்கிக்கொண்டேன். நான் செய்ததை இன்னொருவர் பெயரில் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது, இன்ஸ்பெக்டர் சார்.

என் கணவரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். பழைய கார் வீல்களைப் புதிதாக்கித் தருகிற கடை எங்களுடையது. மூன்று துண்டாகச் செய்து, போல்ட் போட்டு ஒன்றாகச் சேர்க்கிற அலாய் வீல்கள். நடுவில் முகப்பு, வெளியே ஒரு வளையம், உள்ளே டயரைத் தாங்க இன்னொரு வளையம். ஒரு வீலுக்கு நாற்பது போல்ட். எல்லாவற்றையும் கழற்றி, பெயிண்டை உரித்து, அடிபட்ட இடங்களை நிரவி, ஏழு வகை உப்புத்தாளில் தேய்த்து, மெஷினில் மெருகேற்றி, மறுபடி சேர்க்க வேண்டும். ஒரு செட்டுக்குப் பன்னிரண்டு நாள் ஆகும்.

பதினொரு வருடத்துக்கு முன்னால் மெருகு மெஷின் அவருடைய வலது மணிக்கட்டை முறுக்கிவிட்டது. எலும்பு சேர்ந்தது. பிடிமானம் வரவில்லை. டம்ளரைத் தூக்குவார், ஆனால் அழுத்தித் தேய்க்க முடியாது.

"கொஞ்ச நாளைக்கு நீ தேய்ச்சுக் குடு. வெளிய சொல்லிக்க வேணாம்" என்றார்.

மெஷினைப் பின்பக்க அறையில் மாட்டினோம். கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாஸ்டர். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

இரண்டாவது வருடமே என் வேலை அவருடையதைத் தாண்டிவிட்டது. அவருக்கும் அது தெரியும். ஒருநாள் சாப்பிடும்போது, மெஷின் சத்தத்தை வைத்தே பள்ளம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்றேன். அடுத்த மாதம் ஒரு தொழிற்பயிற்சிக் கல்லூரி மேடையில் அவர் அதையே சொன்னார். கை தட்டினார்கள். கேடயம் கொடுத்தார்கள். அதைத் துடைத்து வைத்ததும் நான்தான்.

என் நாத்தனார் வரும்போதெல்லாம், "எங்கண்ணன் கை தேய உழைக்குது. குடுத்து வச்சவ அண்ணி நீ" என்பாள். அவர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். பொறுமைசாலி என்று எழுதிக்கொள்ளலாம், தவறில்லை.

பல் டாக்டர் வந்தது போன மழைக்காலத்தில். சின்ன வயது, கலகலப்பான ஆள். அப்பாவின் பழைய காரைச் சீராக்கிக்கொண்டிருந்தார். அதற்காக எங்கோ தேடிப்பிடித்த நான்கு வீல்களும், நூற்று அறுபது புது போல்ட்டுகளும் கொண்டுவந்திருந்தார். வேலை ஆரம்பித்த ஆறாம் நாள் பார்த்துவிட்டுப் போக அப்பாவையும் அழைத்து வந்தார். முதல் வளையம் தயாராக மேஜைமேல் இருந்தது.

"மாஸ்டர், நானும் பாலிஷ் போடுற ஆளுதான். எங்கிட்ட வர்றவங்க வாயைத் திறந்துக்கிட்டு அழுவாங்க. உங்க வேலையைப் பாத்துட்டு நான் வாயைத் திறந்துக்கிட்டு நிக்கிறேன்" என்றார்.

"இந்தக் கைக்குத் தங்கக் காப்பு போடணும்யா" என்றார் பெரியவர், என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு. அந்த வலது கையைத்தான்.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். டம்ளரை வாங்கிய டாக்டர் என் விரல்களைப் பார்த்தார்.

"என்னக்கா, கையெல்லாம் இப்படிக் கரியா இருக்கு? பாத்திரம் தேய்க்கிறப்போ கையுறை போட்டுக்கங்க. தோல் போயிடும்." பிறகு அவரிடம், "மாஸ்டர், வீட்டுல ஒரு மெஷின் வாங்கிப் போடுங்களேன். அக்கா பாவம்" என்றார்.

"எங்க கேக்கறா டாக்டர்? தேய்க்கறதுன்னா அவளுக்கு அப்படி ஒரு இஷ்டம்" என்றார் என் கணவர்.

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அன்று சாயங்காலம் அவரிடம் கேட்டேன். சண்டை போடவில்லை, சார். கேட்டேன், அவ்வளவுதான்.

"இந்த டாக்டர்கிட்ட மட்டும் சொல்லுங்களேன், நான்தான் தேய்ச்சேன்னு."

"சொன்னா நம்பவா போறான்?"

"நம்பினா?"

"நம்பினா வீலைத் தூக்கிக்கிட்டு அடுத்த கடைக்குப் போயிடுவான். இப்ப உனக்கு என்ன குறைச்சல்? யார் செஞ்சா என்ன, வேலை நம்ம கடை வேலைதானே?"

நியாயமான பேச்சு. யோசித்துப் பார்த்தேன். நல்லது நடந்தால் அவர் பெயர் என்றால், கெட்டது நடந்தாலும் அவர் பெயர்தானே. இதுவரை அவர் ஒரு பாதியைத்தான் அனுபவித்திருக்கிறார் என்று தோன்றியது.

அவரைக் கொல்ல நான் ஒருநாளும் நினைத்ததில்லை. செத்துப்போனால் மாலை போட்டு, கைராசிக்காரர் போய்விட்டார் என்பார்கள். எனக்கு ஒழிய வேண்டியிருந்தது அந்தக் கைராசிப் பெயர்தான்.

இந்த வகை போல்ட்டை ஒருமுறைதான் போட வேண்டும். முறுக்கியதும் கண்ணுக்குத் தெரியாமல் நீண்டுவிடும். கழற்றினால் குப்பைதான். அந்த வீல்களிலிருந்து கழற்றிய நூற்று அறுபது பழைய போல்ட்டுகள் ஒரு டப்பாவில் கிடந்தன. இருப்பதிலேயே மோசமான நாற்பதைப் பொறுக்கினேன். மதியம் அவர் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில், ஐந்து நாள், ஒவ்வொன்றாகத் தேய்த்தேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பழைய போல்ட்டைப் பளபளப்பாக்குவது பெரிய விஷயமில்லை, யாரும் செய்வார்கள். ஆனால் புது போல்ட் அப்படிப் பளபளக்காது. கம்பெனியிலிருந்து வரும்போது அதன் தலையில் மெல்லிய மங்கல் ஒன்று இருக்கும். அந்த மங்கல் வருகிற இடத்தில் கையை நிறுத்த வேண்டும். நாற்பதிலும் நிறுத்தினேன். புதியவற்றோடு கலந்து வைத்துப் பார்த்தேன். எது எது என்று எனக்கே தெரியவில்லை. மறுபடி பொறுக்கியெடுக்க, தலைக்கு அடியில் தேய்ந்திருந்த மரைகளைப் பார்க்க வேண்டியிருந்தது. பதினொரு வருடத்தில் நான் செய்ததிலேயே அதுதான் நல்ல வேலை.

மூன்று வீலுக்குப் புதியவை, ஒரு வீலுக்கு இந்த நாற்பது. நானே சேர்த்தேன், நானே முறுக்கினேன். தண்ணீர்த் தொட்டியில் அழுத்திப் பார்த்தோம். ஒரு குமிழி வரவில்லை. கடைசியாக அவர் வந்து, ஒவ்வொரு போல்ட் தலையிலும் மஞ்சள் பேனாவால் ஒரு கோடு போட்டார். முறுக்கிச் சரிபார்த்தாகிவிட்டது என்பதற்கு அந்தக் கோடு. போனில் யாருடனோ பேசிச் சிரித்துக்கொண்டே போட்டார். ஒன்றையும் தொட்டுப் பார்க்கவில்லை. தொட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

காற்று இறங்கி வண்டி ஓரமாய் நின்றுவிடும் என்று நினைத்தேன் என்று எழுதினால் உங்களுக்கும் வசதி, எனக்கும் வசதி. ஆனால் அப்படி நினைத்திருந்தால் பின் வீலில் போட்டிருப்பேன். அந்த வீலை ஓட்டுகிறவர் பக்கம் முன்னால் மாட்டும்படி அவரிடம் சொன்னது நான். பின்னால் மாட்டினால் யாரும் செத்திருக்க மாட்டார்கள், பேச்சும் ஒரு வாரத்தில் அடங்கியிருக்கும்.

வீல்களை மாட்டி வண்டியைக் கொடுத்த இருபத்து மூன்றாம் நாள் காலை, புறவழிச் சாலை வளைவில் வெளி வளையம் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனது. டாக்டர் அங்கேயே. அவருடைய அப்பா மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில். அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போவார் என்பதை நான் யோசிக்கவில்லை. அந்த ஒன்று என் தவறு, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் வந்து அவரை ஜீப்பில் ஏற்றினீர்கள். ஒன்பது நாள் நான் நிம்மதியாகத் தூங்கினேன். கடைக் கதவில் யாரோ கரியால் கொலைகாரன் என்று எழுதியிருந்தார்கள். அதை நான் அழிக்கவில்லை. நாத்தனார் வருவதை நிறுத்திவிட்டாள்.

பத்தாம் நாள் ஆய்வுக்கூட அறிக்கை வந்தது. நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். பழைய போல்ட்டுகளைப் புதியவை போல மாற்றியிருப்பது அசாதாரணமான கைத்திறன் என்று எழுதியிருந்தார் அந்த நிபுணர். இருபது வருட அனுபவத்தில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லையாம். அதற்குக் கீழே அடைப்பில் என் கணவரின் பெயர்.

அதைக்கூட நான் விட்டிருப்பேன். அறிக்கை எழுதியவருக்கு என்ன தெரியும், பாவம். ஆனால் நீங்கள் அந்த நாற்பதையும் ஒரு தட்டில் கொட்டி அவர்முன் வைத்ததாகச் சொன்னீர்கள். ஒன்றை எடுத்து ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, "நான்தான் சார் செஞ்சேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவ கடைப்பக்கமே வரமாட்டா" என்றாராம்.

பார்த்தீர்களா, சார்.

"உங்களைக் காட்டிக்குடுக்க மனசில்லாம அவரே பழியை ஏத்துக்கறார்னு எனக்குத் தோணுதும்மா" என்று நேற்று சொன்னீர்கள். நல்ல மனசு உங்களுக்கு. நீங்கள் அவரோடு குடித்தனம் நடத்தியதில்லை. நல்ல வேலை ஒன்று கண்ணில் பட்டால் தன்னுடையது என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. தூக்குக் கயிறு எதிரே தொங்கினாலும் முடியாது.

அதனால்தான் நானே வந்தேன். அந்த நாற்பதும் நான் செய்தவை. அந்த இரண்டு பேரும் என் கையால் போனவர்கள். அவரை விட்டுவிடுங்கள், அவருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

அந்த போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார் என்றும் சொன்னீர்கள். அழத்தான் செய்வார். அப்படி ஒன்றை அவரால் இந்த ஜென்மத்தில் செய்ய முடியாது.