சந்தனம் வைத்த ரெகுலேட்டர்

என் பெயர் பவானேஸ்வரி. தந்தை பெயர் பெரியதம்பி, காலமாகிவிட்டார். வயது இருபத்தாறு. செங் வட்டாரத்தில் அடுக்குமாடி வீட்டில் அம்மா பெத்தம்மாள், தம்பி கவிநேசன் ஆகியோருடன் வசிக்கிறேன். அங்கேயே மின்னணுத் தொழிற்சாலையில் ஆப்பரேட்டராக வேலை செய்கிறேன். கிளேபாங்கில் முக்குளிப்புப் பள்ளியும் கடையும் நடத்தும் தினேஷ்வரன் என்பவரை நான் ஆஸ்பத்திரியில் அறைந்ததாக அவர் கொடுத்த புகாரின் பேரில் விசாரிக்கப்பட்டு இதைச் சொல்கிறேன். அவரைத் திரு. தினேஷ்வரன் என்று குறிப்பிடும்படி போலீஸ் சார்ஜன் விஜயராணி கேட்டுக்கொண்டார். அப்படியே எழுதிக்கொள்ளலாம். அறைந்தது உண்மை. ஏன் என்பதையும் எழுதுவதாக சார்ஜன் சம்மதித்த பிறகே பேசத் தொடங்கினேன்.

என் தம்பி கோலா சுங்கை பாருவில் படகு பழுது பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறான். கப்பல் அடிப்பாகத்தைப் பழுது பார்க்கும் ஒரு குத்தகையாளர், இரண்டு காற்று டேங்குகளுடன் ஆழத்தில் இறங்கும் மேல்நிலைப் பயிற்சியை முடித்து வந்தால் வேலை தருவதாக அவனிடம் சொல்லியிருந்தார். அந்தப் பயிற்சிக்கு ஜோடி வேண்டும். அடிப்படைப் பயிற்சியை நானும் அவனும் சேர்ந்து முடித்திருந்ததால் இதிலும் நானே ஜோடியாகச் சேர்ந்தேன்.

பயிற்சிக்கு ஆளுக்கு இரண்டு ரெகுலேட்டர் வேண்டும். டேங்கிலிருந்து வாய்க்குக் காற்று கொண்டுவரும் கருவி அது. ஒன்று வாயில் இருக்கும். மற்றது பேக்கப், கழுத்தில் ரப்பர் வளையத்தில் தொங்கும். என்னிடம் இரண்டும் இருந்தன. தம்பிக்குப் பேக்கப் இல்லை. அதை வாங்கத் திரு. தினேஷ்வரனின் கடைக்குப் போனோம். அவர் ஒரு மலிவான ரெகுலேட்டரை எடுத்து வைத்து, "பேக்கப்புக்கு இது போதும்லா. கழுத்துல சும்மா தொங்கப் போறதுதானே. தோட்டத்துலேர்ந்து வந்தவங்களுக்கு எதுக்கு ஷோ?" என்றார்.

தம்பி, "கூட வர்றவங்களுக்குக் காத்து தீந்தா வாயில இருக்கறத குடுத்துட்டு, நாம பேக்கப்ல மூச்சு விடணும்னு நீங்கதானே அண்ணே கிளாஸ்ல சொன்னீங்க? அப்ப அதுதானே என் உயிரு?" என்று கேட்டான். கடையில் வேறு ஆட்களும் இருந்தார்கள். திரு. தினேஷ்வரனுக்கு முகம் மாறிவிட்டது. அதன் பிறகு தம்பி, தன் வாய் ரெகுலேட்டருக்குச் சமமான புதியது ஒன்றைத் தேர்ந்தெடுத்து வாங்கினான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா இது எதற்கு என்று கேட்டார். மற்றது கைவிட்டால் காப்பாற்றுவது இது என்று தம்பி சொன்னான். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எங்கள் வீட்டில் மோட்டார்சைக்கிள் வாங்கினாலும் தையல் மெஷின் வாங்கினாலும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துப் பொட்டு வைத்த பிறகுதான் கைபடும். அதேபோல் இதற்கும் சந்தனம் குழைத்து, நடுவில் இருக்கும் வட்ட மூடியில் பட்டையாகப் பூசி, குங்குமம் வைத்தார். வாயில் வைக்கும் பகுதியில் பூச வேண்டாம் என்று சொன்னேன். அவர் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை பயிற்சிக்கு, நீர் நிறைந்த பழைய கல்லுடைக்கும் குழிக்குப் போனோம். தம்பி பேக்கப்பை டேங்கில் மாட்டியதும் திரு. தினேஷ்வரன் பார்த்துச் சிரித்து, "என்னடா இது, லாரியா? எலுமிச்சம்பழம் எங்க, டயருக்கு அடியில வைக்கலையா?" என்று கேட்டார். துடைத்துவிட்டு மாட்டிக்கொள்கிறோம் என்று நான் சொன்னேன். "சந்தனம் பட்டத என் டேங்குல மாட்ட விடமாட்டேன். மாஸ்டர் நானா நீயா?" என்று கேட்டு, அதைக் கழற்றித் தன் வேனில் இருந்த கூடையில் போட்டார். அதன் பிறகு அதே கூடையிலிருந்து பள்ளியின் பழைய ரெகுலேட்டர் ஒன்றை எடுத்து அவரே மாட்டினார். பிடிக்கவில்லையென்றால் வீட்டுக்குப் போகலாம், சான்றிதழ் கிடைக்காது என்றார். தம்பி இறங்கினான். நானும் இறங்கினேன். எங்களோடு இறங்கி உடன் இருக்க வேண்டிய திரு. தினேஷ்வரன் தலைவலி என்று கரையிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடியில் போனதும், பயிற்சியின்படி எனக்குக் காற்று தீர்ந்துவிட்டதாகச் சைகை காட்டினேன். தம்பி தன் வாயில் இருந்ததை எனக்குக் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கியதை எடுத்து வாயில் வைத்தான். கருவி ரப்பரிலிருந்து கழன்று குழாயோடு கீழே தொங்கியது. வாயில் கடிக்கும் ரப்பர் மட்டும் அவன் பற்களில் இருந்தது. ரப்பரைக் கருவியோடு இறுக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை இருக்க வேண்டும். அந்தப் பழையதில் பட்டை இல்லை. தம்பி அதற்குள் மூச்சை இழுத்துவிட்டான். அவனுடையதைத் திரும்ப அவன் வாயில் திணித்துவிட்டு, என்னுடையதைக் கடித்துக்கொண்டு, அவனை இழுத்துக்கொண்டு மேலே வந்தேன். மேலே வந்தபோது அவனுக்கு நினைவில்லை. பாரம் குறைய அவன் டேங்குகளை அவிழ்த்துவிட்டேன், அவை அந்தப் பழைய ரெகுலேட்டரோடு அடியில் போய்விட்டன. கரையை நோக்கிக் கத்தினேன். திரு. தினேஷ்வரன் போனில் பேசிக்கொண்டிருந்தார்.

தம்பி இப்போது ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து மூச்சு விடுகிறான். இன்னும் கண் திறக்கவில்லை.

அன்று மாலை திரு. தினேஷ்வரன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த என் அம்மாவிடம், "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க வச்ச சந்தனம்தான் உள்ள போயி அடைச்சிருச்சு. படிக்காதவங்க, என்ன செய்ய முடியும்லா" என்றார். அம்மா சந்தனம் பூசிய கையைச் சுவரில் அடிக்க ஆரம்பித்தார். நான் ஓடிப் பிடிப்பதற்குள் விரல் தோல் கிழிந்துவிட்டது. அதன் பிறகு நான் திரும்பித் திரு. தினேஷ்வரனை அறைந்தேன். ஒரு அறைதான். மறுபடி கை ஓங்குவதற்குள் காவலாளி பிடித்துவிட்டார்.

இன்று இந்த நிலையத்தில் சார்ஜன் எனக்கு ஒரு பிளாஸ்டிக் பையைக் காட்டினார். விபத்து நடந்தபோது என் தம்பி பயன்படுத்திய பேக்கப் ரெகுலேட்டர் என்று சொல்லித் திரு. தினேஷ்வரன் ஒப்படைத்ததாம். அது நாங்கள் வாங்கிய புதியதுதான். அதன் மூடியில் சந்தனப் பட்டை காய்ந்து அப்படியே இருக்கிறது, என் அம்மாவின் விரல் தடத்தோடு. குங்குமமும் கலையவில்லை. அந்தக் குழியின் அடிவரை போய் வந்த பொருளில் சந்தனம் எப்படி இருக்கும் என்று கேட்டேன். வாய் ரப்பரும் பிளாஸ்டிக் பட்டையோடு இருக்கிறதே என்றும் கேட்டேன். சார்ஜன் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பழையது டேங்குகளோடு குழியின் அடியில் கிடக்கிறது. போலீஸ் முக்குளிப்பாளரை இறக்கி எடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மன்னிப்புக் கேட்டால் புகாரை மீட்டுக்கொள்வதாகத் திரு. தினேஷ்வரன் சொல்லி அனுப்பியதாக சார்ஜன் தெரிவித்தார். அம்மாவின் நிலையை நினைத்து ஒத்துப்போகும்படி அவரும் சொன்னார். அம்மா அன்றிலிருந்து சாப்பிடவில்லை. மகனைத் தன் கையால் கொன்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார். அதனால் மன்னிப்புக் கேட்க மாட்டேன். என் மீது வழக்குப் போடட்டும். நான் அறைந்தேன் என்று கோர்ட்டில் முதல் ஆளாக ஒப்புக்கொள்வேன். அம்மாவைக் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைப்பேன். அந்தப் பையை அவர் கண்முன்னே பிரிக்கட்டும்.

எழுதியதை சார்ஜன் எனக்கு வாசித்துக் காட்டினார். அம்மா கையைச் சுவரில் அடித்த வரி விட்டுப்போயிருந்தது. சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். இதில் உள்ளது அனைத்தும் நான் சொன்னது, நடந்தது. யாரும் மிரட்டிச் சொல்லவைக்கவில்லை.

ஒப்பம்: பெ. பவானேஸ்வரி
பதிவு செய்தவர்: சார்ஜன் விஜயராணி